ஐந்தில் ஒரு பங்கு

டிவி பார்க்கத்தானே வந்தாய்? வா, உட்கார். இரண்டாவது மாடிக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் நீதானே. முத்துச்செல்வியா? நல்ல பெயர். என் பெயர் எமரால்டு. தமிழ் வாத்தியாருக்கு இப்படி ஒரு பெயரா என்று முப்பத்துமூன்று வருஷம் கல்லூரியில் பிள்ளைகள் சிரித்தார்கள். நீயும் ஒருமுறை சிரித்துக்கொள், பிறகு பழகிவிடும்.

இதுதான் அந்த டிவி. நாற்பத்திரண்டு அங்குலம். ஒன்பது வருஷம் ஆகிறது, ஆனால் ஒரு கீறல் கிடையாது. லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிய சீட்டில் நல்ல நிலையில் உள்ளது என்று எழுதியிருந்தேனே, அது உண்மை. படம் கண்ணாடி மாதிரி இருக்கும். போட்டுக் காட்டுகிறேன், இரு. அதற்கு முன்னால் இதை ஏன் தள்ளிவிடுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நீ பிறகு யாரிடமாவது கேட்டு, அவர்கள் வேறு மாதிரி சொல்லிவிடக் கூடாது. குறிப்பாக என் தங்கை ரூபி. அவள் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாள். நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

மூன்று பேர் என்னை ஏமாற்றினார்கள். என் கணவர், என் மகன், என் தங்கை. தனித்தனியாக இல்லை. கூடிப் பேசி, திட்டம் போட்டு.

இந்த டிவி வந்தது என் பணி நிறைவு விழாவுக்கு. மகன் கிளாட்சன் பெங்களூரிலிருந்து வந்து வாங்கி மாட்டினான். கையோடு ஒரு கேமராவும் கொண்டுவந்திருந்தான். ஸ்டுடியோக்காரர் வேண்டாம்மா, நானே எடுக்கிறேன் என்றான். எனக்கும் அது பிடித்திருந்தது. எனக்கு முந்தின வருஷம் ஓய்வு பெற்ற பொருளியல் ஸ்டெல்லா புஷ்பத்துக்கு ஸ்டுடியோவில் எடுத்தார்கள். ஒரு தாமரை மொட்டு வரும், அது விரியும், உள்ளே ஸ்டெல்லா கைகூப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நூறு கிலோ எடை அந்தத் தாமரைக்கு. எனக்கு அந்தக் கூத்தெல்லாம் வேண்டாம், உள்ளது உள்ளபடி தெளிவாகத் தெரிந்தால் போதும் என்று கிளாட்சனிடம் சொன்னேன். எனக்கு வேண்டியது தெளிவு ஒன்றுதான். இன்று வரைக்கும் அதுதான்.

விழாவுக்கு மூன்று வாரம் முன்பு என் ஏற்புரையை எழுதிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு கவிதை வாசிப்பதாக ஏற்பாடு. அவர் வந்து மேசைப் பக்கத்தில் நின்றார். அவர் என்றால் என் கணவர், ஞானசிகாமணி. பொதுப்பணித் துறையில் இருந்தவர், பாலமும் மதகும் கட்டியவர். எமரால்டு, ஒரு விஷயம் சொல்லணும் என்றார். நல்ல நேரத்தில் வந்தீர்கள், இதைக் கேளுங்கள் என்று கவிதையை வாசித்துக் காட்டினேன். ஒருமுறை வாசித்துவிட்டு, ஒரு சொல்லை மாற்றி மறுபடி வாசித்தேன். நின்றுகொண்டே கேட்டார். நல்லாருக்கு என்றார். போய்விட்டார். அவ்வளவுதான் அவர் ரசனை. எத்தனை கவிதைக்கு எத்தனை வருஷமாக அந்த ஒரு சொல்லையே கேட்டிருப்பேன் என்று நினைக்கிறாய்?

விழா அன்று காலையில் பூ வாங்கிவருகிறேன் என்று ரூபியையும் அழைத்துக்கொண்டு ஆறு மணிக்குக் கிளம்பினார். பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் போய்வர எவ்வளவு நேரமாகும்? பதினொரு மணிக்கு வந்தார்கள். கையில் பூ இல்லை. நான் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வெறுங்கொண்டையோடு நிற்கிறேன். சொல்லாமல் இருப்பேனா? என் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள், அதற்கும் இப்படியா என்று கேட்டேன். அவர் வலது கையைப் பேண்ட் பைக்குள் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ரூபிதான் இரண்டு முழம் பிச்சிப்பூ வாங்க மறுபடி ஓடினாள்.

விழா நன்றாக நடந்தது. அதை நானே சொல்லக் கூடாது. கல்லூரி முதல்வர் அம்மா என்னைப் பற்றிப் பேசும்போது கண் கலங்கினார்கள். மாணவிகள் வாழ்த்துப்பா பாடினார்கள். கிளாட்சன் கேமராவை மேடையின் வலது ஓரத்தில் முக்காலி போட்டு நிறுத்தியிருந்தான். பாதிப் படத்தில் நான், மறுபாதியில் முதல் இரண்டு வரிசை நாற்காலிகள். விழா என்னுடையது, நடுவில் நான் அல்லவா இருக்க வேண்டும்? அப்பாவும் சித்தியும் படத்துல வரணும்லம்மா, எனக்கு அங்கதான் இடம் கிடச்சுது என்றான். நடு ஹாலில் அத்தனை இடம் காலியாகக் கிடந்தது.

சரி, விழா முடிந்தது. இனி அதை டிவிடி டிஸ்க்கில் போட வேண்டும். இந்த இடத்தைக் கவனமாகக் கேள், இதில்தான் எல்லாம் இருக்கிறது.

கிளாட்சன் லேப்டாப்பில் ஏதேதோ செய்து, முதல் டிஸ்க்கைப் போட்டுக் காட்டினான். இதே டிவியில்தான். புதுச் சேலையை நனைத்துப் பிழிந்த மாதிரி இருந்தது. என் புடவை மயில்கழுத்துப் பச்சை, கரையில் சின்னச் சின்ன அன்னம். ஒரு அன்னம் தெரியவில்லை. எனக்குப் பின்னால் கட்டியிருந்த பதாகையில் என் பெயரையே படிக்க முடியவில்லை. இது என்னடா, கேமரா அவ்வளவு நல்லது, டிவி அவ்வளவு நல்லது, நடுவில் என்ன கெட்டது என்று கேட்டேன்.

அவன் பொறுமையாகத்தான் சொன்னான். கேமரா எடுக்கிற படத்தில் குறுக்கே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது புள்ளி, நெடுக்கே ஆயிரத்து எண்பது. டிவியும் அதே அளவுதான். ஆனால் டிஸ்க்குக்கு என்று பழைய காலத்து டிவிக்காக ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். குறுக்கே எழுநூற்று இருபது, நெடுக்கே ஐந்நூற்று எழுபத்தாறு. அதற்கு மேல் ஒரு புள்ளி கூட ஏறாது. பெருக்கிப் பாருங்கம்மா, சரியா அஞ்சுல ஒரு பங்குதான் வருது என்றான். நான் காகிதத்தில் பெருக்கிப் பார்த்தேன். சரியாகத்தான் வந்தது. அப்படியானால் திரை முழுக்கப் படம் தெரிகிறதே, மீதி நாலு பங்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். அத டிவியே பக்கத்துப் புள்ளியப் பார்த்து ஊகிச்சு நிரப்பிக்கிடும்மா என்றான்.

எனக்கு அது புரியாத விஷயம் இல்லை. நேரிசை வெண்பாவுக்கு நாலு அடிதான். நாற்பது அடிக்குச் சரக்கு இருந்தாலும் நாலில்தான் அடக்க வேண்டும். ஆனால் எதை விடுவது, எதை வைப்பது என்று புலவனுக்குத் தெரியும். இந்த டிஸ்க்குக்கு அது தெரியாது. என் அன்னத்தையும் விடும், ஸ்டெல்லா புஷ்பத்தின் கொட்டாவியையும் விடும். எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

இன்னொன்றும் சொன்னான். மூன்று மணி நேரத்தை ஒரே டிஸ்க்கில் அமுக்கினால் இன்னும் மோசமாகும், இரண்டாகப் போடுகிறேன் என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது டிஸ்க்கை எந்த வீட்டில் எடுத்துப் போடுவார்கள்? என் ஏற்புரையும் கவிதையும் கடைசியில்தான் வருகிறது. அதைப் பார்க்காமல் முதல்வர் பேச்சோடு மூடி வைத்துவிடுவார்கள். ஒன்றிலேயே போடு என்று சொல்லிவிட்டேன். போட்டான். யாராவது கையை அசைத்தால் படம் சதுரம் சதுரமாக உடைந்தது. ரூபி சொன்னாள், "அக்கா, சதுரமா இருந்தாலும் நீ அழகுதான்." அவளுக்கு எப்போதும் இந்த மாதிரிப் பேச்சுதான்.

அப்படியானால் ஐந்து பங்கும் இருக்கிற அந்த அசல் படத்தை எனக்கு வேறு எதிலாவது கொடு என்றேன். நீல டிஸ்க் என்று ஒன்று உண்டாமே, அதில் முழுதும் ஏறுமாமே என்று கேட்டேன். அதற்கு வேறு பெட்டி வேண்டும், அது இது என்று இழுத்தான். கடைசியில், டிஸ்க் போட்ட பிறகு கேமராவிலிருந்து அழித்துவிட்டதாகச் சொன்னான். ஒரே பிள்ளை, அம்மாவின் ஒரே விழா. அழித்துவிட்டேன் என்கிறான். எனக்கு அன்றைக்கே மனம் விட்டுப்போனது. இவருக்கும் கோபம் வரும் என்று பார்த்தால், விடு எமரால்டு, பிள்ளைய நெருக்காத என்கிறார்.

டிஸ்க் நாற்பது பிரதி. துறையில் எல்லோருக்கும், சபையில் முக்கியமானவர்களுக்கு, பழைய மாணவிகளுக்கு. உறைக்கு மேல் ஒரு படம் அச்சடிக்க வேண்டும். கிளாட்சன் பெங்களூருக்குப் போய்விட்டான், இவர்தான் வீட்டில் இருக்கிறார். ஓய்வு பெற்ற மனுஷன், போய்விட்டு வரட்டுமே என்று வண்ணார்பேட்டையில் ஒரு அச்சகத்துக்கு அனுப்பினேன். ஆட்டோவில் போய், மதியம் வெயிலோடு வந்தார். வந்ததும் அந்தச் சோபாவில் கண்ணை மூடிச் சாய்ந்தார். கொஞ்சம் இங்க உக்காரு என்றார். நான் உறையைப் பார்க்கிறேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற படத்தைப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். நான் எடுத்துக் கொடுத்தது பொன்னாடையோடு நான் மட்டும் நிற்கிற படம். இது யாருக்கு விழா என்று கேட்டேன். மனசறிந்து செய்யவில்லை என்பது போல முழித்தார். கடை அடைப்பதற்குள் போய் மாற்றிவிட்டு வாருங்கள் என்றேன். போனார்.

விழா நடந்து பத்தொன்பதாம் நாள் இறந்துபோனார்.

இரத்த வாந்தி. ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு பகல். ஈரல் திடீரென்று கெட்டுவிட்டது, சில பேருக்கு அப்படி ஆகும் என்று டாக்டர் சொன்னதாகக் கிளாட்சன் சொன்னான். திடீரென்று என்ற அந்தச் சொல்லை நான் ஒன்பது வருஷம் சுமந்தேன். யார் கேட்டாலும் அதைத்தான் சொன்னேன். திடீரென்று. அதற்குள்ளே ஒரு மெய்யும் இல்லை என்று எனக்குத் தெரியாது.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கையில் டிஸ்க்கைக் கொடுத்தனுப்பினேன். ஏன் அப்படிப் பார்க்கிறாய்? அவர்களும் விழாவில் இருந்தவர்கள்தானே, எப்படியும் கொடுக்க வேண்டியதுதானே. அதில் அவரும் இருக்கிறார் இல்லையா. நானும் அதற்காகத்தான் அந்த டிஸ்க்கைப் போட்டுப் பார்ப்பேன். இரண்டாவது வரிசையில் ஓரத்து நாற்காலி. முகம் ஒரு மாநிறத் திட்டு, கண் இருக்கிற இடத்தில் இரண்டு நிழல். மடியில் வெள்ளையாக ஒரு புள்ளி. அது கைக்குட்டை என்று நினைத்தேன். என் பேச்சைக் கேட்டு அழுதிருக்கிறார், கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையை வெளியே எடுத்து வைத்திருக்கிறார் என்று. ஒன்பது வருஷம் அந்தக் கைக்குட்டையை நம்பியிருந்தேன்.

போன கிறிஸ்துமஸுக்கு மருமகள் ஹெப்சிபா வந்தாள். அவளுக்குச் சூது தெரியாது, அதனால்தான் நடந்தது. வீடு மாறும்போது பழைய பெட்டியில் கிடந்ததாம், அத்தை, உங்க ஃபங்ஷன் ஒரிஜினல், பென் டிரைவில் போட்டுக் கொண்டாந்தேன், அவங்களுக்குத் தெரியாது, சர்ப்ரைஸ் என்றாள். அழித்துவிட்டேன் என்று சொன்னானே, அது.

டிவியில் செருகினோம். அடடா. முத்துச்செல்வி, அன்னம் ஒவ்வொன்றும் தெரிந்தது. அதன் அலகு தெரிந்தது. பதாகையில் என் பெயருக்குக் கீழே நான் வாங்கிய பட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன. என் காதோரத்து நரை தெரிந்தது, அதைக்கூட நான் பொருட்படுத்தவில்லை. ஹெப்சிபா கைதட்டினாள். ஸ்டெல்லா புஷ்பத்தின் கொட்டாவியைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தோம்.

அப்புறம் அவரைப் பார்த்தேன்.

மடியில் இருந்தது கைக்குட்டை இல்லை. கையின் மேல் பஞ்சு. பஞ்சின் மேல் பிளாஸ்திரி. அதன் ஓரத்தில், ஊசியைக் கழற்றாமல் விட்டிருந்த அந்த ரோஜா நிற மூடி. மணிக்கட்டில் ஆஸ்பத்திரியில் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை, சட்டைக் கைக்குள் பாதி மறைத்து. கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. நம்புவாயா, மஞ்சள் கூடத் தெரிகிறது. பக்கத்தில் ரூபி, அவர் முழங்கையைக் கீழிருந்து தாங்கிப் பிடித்திருக்கிறாள். மூன்று மணி நேரமும் பிடித்த கையை எடுக்கவில்லை.

பூ வாங்கப் போனவர்கள்.

ரூபி வீட்டுக்கு நடந்தே போனேன். அவள் மறைக்கவில்லை. "நாலு மாசமா தெரியும்க்கா. கணையத்துல கட்டி. டாக்டர் கைய விரிச்சிட்டாவ. விழா முடியட்டும், நல்ல காரியத்துக்கு முன்ன அவகிட்ட சொல்லக் கூடாதுன்னு அத்தான்தான் சத்தியம் வாங்கினாவ" என்றாள். நல்ல காரியத்துக்கு முன்னால் கெட்ட சேதி சொல்லாமல் இருப்பது நம் வீடுகளில் உள்ளதுதான். கல்யாண வீட்டில் சாவுச் சேதியைத் தாலி கட்டும் வரைக்கும் அடக்கி வைப்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விழா முடிந்து பத்தொன்பது நாள் இருந்ததே. அதைக் கேட்டேன். ரூபி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, காப்பி சாப்பிடுறியா அக்கா என்றாள். அன்றோடு அவளிடம் பேச்சு நின்றது.

கிளாட்சனுக்குப் போன் போட்டேன். டிஸ்க்கு, புள்ளி, ஐந்தில் ஒரு பங்கு என்று எனக்குக் கணக்குப் பாடம் நடத்தினாயே, எல்லாம் இதற்குத்தானா என்று கேட்டேன்.

"கணக்கு நிஜம்தாம்மா. டிஸ்க்குல அவ்வளவுதான் ஏறும். அப்பா கை தெரியாதுங்கவும் எனக்கு நிம்மதியா இருந்துது. ஒரிஜினல் உங்ககிட்ட இருந்தா எப்பவாவது பார்த்திருவீங்கன்னு அழிச்சிட்டேன்னு சொன்னேன். நிஜமா அழிக்க எனக்கு மனசு வரல."

"பத்தொன்பது நாள் இருந்ததே கிளாட்சன். ஒருத்தருக்குக்கூட வாய் வரவில்லையா?"

 அவன் சொன்னான். "அப்பா மூணு தடவ சொல்ல வந்தாங்கம்மா. ஒவ்வொரு தடவையும் எனக்குப் போன் போட்டு, இன்னைக்கும் முடியலடேன்னாங்க."

எந்த மூன்று தடவை என்று கேட்டேன். விடுங்கம்மா என்றான். விடாமல் என்ன செய்வான், அப்படி மூன்று தடவை இருந்தால்தானே சொல்ல. செத்தவர் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறான். அவனோடும் நான் இப்போது பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவன் கூப்பிடுவான். போன் அடித்து ஓயட்டும் என்று விட்டுவிடுவேன்.

ஆனால் படத்தை மட்டும் தினமும் போட்டுப் பார்த்தேன். மூன்று மாதமாக, காலைக் காப்பி குடித்ததும். முழுதும் இல்லை, கடைசிப் பகுதி மட்டும். நான் மேடையில் அந்தக் கவிதையை வாசிக்கிற இடம்.

கரும்பலகை துடைத்தாயிற்று,
கடைசி மணி அடித்தாயிற்று,
விரலில் இன்னும் வெண்தூசி,
கழுவித் துடைக்க மனமில்லை.

இது வரைக்கும் வாசித்தேன். கைதட்டல் வந்தது, வணங்கிவிட்டு உட்கார்ந்தேன். ஒருநாள், என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் உதடு அசைகிறது. நான் ஒரு வரி சொல்ல, அவர் அதே வரியைச் சத்தமில்லாமல் சொல்கிறார். சில இடத்தில் எனக்கு அரை நொடி முன்னாலேயே சொல்லிவிடுகிறார். மதகு கட்டின மனுஷன். மேசைப் பக்கத்தில் நின்று இரண்டு தடவை கேட்டதுதான்.

நான் நிறுத்திய பிறகும் அவர் உதடு நிற்கவில்லை.

இன்னும் இரண்டு வரி இருக்கிறது முத்துச்செல்வி. எனக்கே மறந்துபோயிருந்தது. மேடைப் படபடப்பில் விட்டிருக்கிறேன், விட்டதே தெரியாமல் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். எழுதின தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன்.

வாசலில் ஒருவர் நிற்பார்,
கேட்க மாட்டார், தெரிந்திருப்பார்.

அந்த இரண்டு வரியை அவர் சொல்லி முடிக்கிறார். ஹால் முழுக்கக் கைதட்டுகிறது. அவர் தட்டவில்லை. என்னை நிமிர்ந்து பார்க்கிறார், நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்பது போல. நான் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். அப்புறம் குனிந்து, இடது கையால் அந்தப் பிளாஸ்திரியை மெல்ல ஒட்டிவிடுகிறார். அதுவும் தெரிகிறது. இந்த டிவியில் எல்லாம் தெரியும்.

இதைப் பார்த்துக்கொண்டு இந்த வீட்டில் இருக்க என்னால் முடியவில்லை. நீ எடுத்துக்கொண்டு போ. உன் வீட்டுக்காரரை அழைத்துவந்து கழற்றச் சொல், சுவரில் நாலு திருகாணிதான்.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை. என் கவிதையை எனக்கு மேல் தெரிந்து வைத்திருந்த மனுஷன், நான் விட்ட வரியைக்கூடச் சொல்ல வாய் வந்த மனுஷன், சாகப்போகிறேன் என்பதை மட்டும் என்னிடம் சொல்லவில்லை. ஊரெல்லாம் தெரிந்திருக்கிறது. ஒருநாள், ஒரு நிமிஷம் போதுமே, எமரால்டு இதைக் கேள் என்றால் கேட்டிருக்க மாட்டேனா? நான் எங்கே போனேன்? இந்தச் சோபாவில், அந்த மேசையில், இங்கேயேதான் இருந்தேன்.